கர்த்தர் ஆளுகிறார் என்பதை ராத்திரி இரண்டு மணிக்கு நம்புவது எப்படி

பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கையில் வரும். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். மார்ச் மாதம் ஆபீசில் கூப்பிட்டு உட்காரவைத்து, "வேலை இன்னும் அறுபது நாள்தான்" என்று சொல்லி அனுப்பிய அன்று சாயங்காலம், தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால் அதே அட்டை கண்ணில் படும். ஆறுதலுக்குப் பதில் எரிச்சல் வரும். இதனால் விசுவாசம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாயால் பாடியதைச் செவ்வாய்க்கிழமை கையால் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பழக்கம் என்பதால் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

தேவையானவை கொஞ்சம்தான். அச்சடித்த தமிழ் வேதாகமம், நாற்பது பக்க ரூல் நோட்டு, ஒரு பேனா. காலையில் பதினைந்து நிமிஷம், ராத்திரி ஐந்து நிமிஷம். போனில் வேதாகம ஆப் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மூன்றாவது வசனம் வாசிப்பதற்குள் ஆபீஸ் வாட்ஸ்அப் மேலே வந்து நிற்கும்.

தலையெழுத்தா, தகப்பனா

முதல் வேலை மனதுக்குள் இருக்கும் படத்தைச் சரிசெய்வது. இதைத் தவறவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது என்பதால் இதற்கு முதல் மூன்று நாட்களை ஒதுக்குங்கள்.

சங்கீதம் 103:19ஐ நோட்டில் எழுதுங்கள்: "கர்த்தர் வானங்களில் தமது சிங்காசனத்தை ஸ்தாபித்திருக்கிறார், அவருடைய ராஜரிகம் சர்வத்தையும் ஆளுகிறது." சர்வத்தையும் என்றால் அறுபது நாள் நோட்டீசும் அதில் அடக்கம். இந்த வசனத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் நம் ஊர்க்காரர் மனம் சட்டென்று வேறொரு இடத்துக்குப் போய்விடும். "எழுதினபடிதானே நடக்கும், என்ன செய்ய" என்று ஒரு பெருமூச்சு. பெயரைக் கர்த்தர் என்று சொல்லிக்கொண்டு விதியைக் கும்பிடுவதுதான் அது. விதிக்குக் காது கிடையாது. அதனிடம் அழ முடியாது, கேட்க முடியாது, சண்டை போடவும் முடியாது.

அதனால் 19ஆம் வசனத்துக்கு மேலே, அதே சங்கீதத்தின் 13ஆம் வசனத்தையும் எழுதுங்கள்: "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்." ஆளுகிறவர் யார் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அவர் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்று சங்கீதக்காரன் சொல்கிறான். இந்த வரிசையில்தான் ஆறுதல் இருக்கிறது. இரக்கமில்லாத ஒருவர் கையில் சர்வ அதிகாரமும் இருந்தால் அது பயங்கரம். இரக்கமிருந்தும் அதிகாரமில்லாதவர் பாவம், நம்மோடு சேர்ந்து அழத்தான் முடியும்.

இரண்டாம் நாள் மத்தேயு 10:29ஐயும் லூக்கா 12:6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். அப்படியானால் இரண்டு காசுக்கு நான்குதான் வர வேண்டும். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து! அந்த ஐந்தாவது குருவி கொசுறு. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய் வாங்கினால் கடைசியில் கை நிறையக் கறிவேப்பிலையை அள்ளிப் பைக்குள் போடுகிறார்களே, அந்த மாதிரி. விலையே இல்லாத அந்தக் குருவியையும் தேவன் மறக்கவில்லை என்கிறார் இயேசு. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் அடிக்கப்பட்ட நாளில் இந்த ஐந்தாவது குருவியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வேதாகமத்தையும் நோட்டையும் மூடிவைத்து, இந்த வசனங்களைப் பார்க்காமல் சொல்லிப்பாருங்கள்.

முதலில் முறையிடுங்கள்

பலர் நேரே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். அழுவதும் கேள்வி கேட்பதும் அவிசுவாசம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். விளைவு, மேலே துதியும் உள்ளே புகைச்சலும். ஒரு மாதத்தில் ஜெபமே கசந்துபோகும்.

சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு தடவை கேட்கிறான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" ராஜாவிடம் முறையிடுகிறவன்தான் ராஜாவை ராஜா என்று ஒத்துக்கொண்டவன். அதிகாரம் இல்லாதவரிடம் யாரும் மனு கொடுப்பதில்லை.

நோட்டில் நீங்களும் நான்கு "எதுவரைக்கும்" எழுதுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். "எதுவரைக்கும் இந்தக் கஷ்டம்" என்பது பலிக்காது. "எதுவரைக்கும் அம்மாவிடம் வேலை போனதை மறைப்பேன்" என்று எழுதினால் கை நடுங்கும், அதுதான் சரியான வரி. எழுதியதைச் சத்தமாக வாசித்துவிட்டு, ஐந்தாம் வசனத்தை அப்படியே சேர்த்துச் சொல்லுங்கள்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." ஐந்தாம் வசனத்தைச் சொல்ல வாய் வராத நாளும் வரும். அந்த நாளுக்கு சங்கீதம் 88 இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது, கடைசி வரி வரைக்கும் விடியவில்லை. அதையும் பரிசுத்த வேதாகமத்தில் வைத்திருக்கிறார் தேவன்.

நோட்டில் ஒரு கோடு

மனம் பாரமாக இருப்பதற்குப் பாதிக் காரணம், நம்முடையதையும் அவருடையதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குவது. பிரித்துவிட்டால் நம் பங்கு தூக்கக்கூடிய எடைக்கு வந்துவிடும்.

ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் "என் கைக்கு", வலது பக்கம் "அவர் கைக்கு". ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்தவர், வயது 42, மாதம் 41,000 ரூபாய் வீட்டுக் கடன் தவணை, பள்ளியில் இரண்டு பிள்ளைகள், ஊரில் சர்க்கரை வியாதியோடு அம்மா என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடது பக்கம் இப்படி இருக்கலாம்:

இன்றைக்கு: பழைய மேலாளர்கள் மூன்று பேருக்குப் போன்.
நாளைக்கு: வங்கிக் கிளைக்குப் போய் முதல் தவணை தவறுவதற்கு முன்பே பேசுவது.
வெள்ளி: கம்பெனி மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது, தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது.
சனி: மனைவியோடு உட்கார்ந்து மூன்று மாதச் செலவைக் கணக்குப் பார்ப்பது.

வலது பக்கம்: எந்த கம்பெனி கூப்பிடும், எப்போது கூப்பிடும், நேர்முகத்தில் எதிரே உட்காருகிறவர் மனம் எப்படித் திரும்பும், அம்மாவின் சர்க்கரை, பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்.

இடது பக்கத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒரு நாளும் ஒரு செயலும் இருக்க வேண்டும். "நல்ல வேலை கிடைக்க வேண்டும்" என்று இடது பக்கத்தில் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. கிடைப்பது உங்கள் கையில் இல்லை, விண்ணப்பிப்பது மட்டும்தான் இருக்கிறது. ஒரு நாளுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று ஆண்டவரே அளவு சொல்லியிருக்கிறார்.

வலது பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் தொட்டு, "இது உம்முடையது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நேர்முகக்காரர் மனம் என்ற வரிக்கு நீதிமொழிகள் 21:1 உதவும். ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப் போலிருக்கிறது என்று அங்கே இருக்கிறது. வயலில் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மண்வெட்டியால் ஒரு வெட்டு, இந்தப் பாத்தியை அடைத்து அந்தப் பாத்தியைத் திறந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பிவிடும். தண்ணீருக்குத் தன்னை யாரோ திருப்பியது தெரியாது.

ஒப்புக்கொடுத்த கவலை பத்து நிமிஷத்தில் திரும்பி வரும். நிச்சயம் வரும். அப்போது அதோடு வாதாடாதீர்கள். நோட்டைத் திறந்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, "மறுபடியும் உம்மிடம்" என்று சொல்லுங்கள். முதல் வாரம் ஒரே வரிக்கு இருபது, முப்பது புள்ளி சேர்ந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். தலைச்சுமைக்காரர் யார் துணையும் இல்லாமல் மூட்டையை அதன்மேல் சாய்த்துவிட்டு இளைப்பாறுவார், அப்புறம் தூக்கிக்கொண்டு நடப்பார். பேதுரு சொல்வது அதற்கும் மேலே: "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). வைத்துவிட்டு வருவது ஒரே நாளில் வராது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவை வைத்ததற்கு அடையாளம்.

"எல்லாம் அவர் கையில் என்றால் நான் ஏன் ஓட வேண்டும்?" என்ற கேள்வி இங்கே எழும். அப்போஸ்தலர் 27ஐ வாசியுங்கள். பவுல் கைதியாகப் போகும் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது, அதில் 276 பேர். ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறான். பதினான்கு நாள் சரியாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொல்கிறான். முடிவைக் குறித்த தேவன், அந்த முடிவுக்குப் போகும் வழியில் மாலுமிகளின் கையையும் அப்பத்தையும் சேர்த்துத்தான் குறித்திருக்கிறார். ஆகவே மாத்திரை சாப்பிடுவது, பயாப்ஸி எடுப்பது, இரண்டாவது டாக்டரிடம் கேட்பது எதுவும் அவிசுவாசம் ஆகாது.

தீமையை நன்மை என்று சொல்லாதீர்கள்

இந்த இடத்தில் சபைகளில் பெரிய காயம் நடக்கிறது. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "தேவ சித்தம், பொறுத்துக்கொள் அம்மா" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேவனுடைய ஆளுகையை இப்படிப் பயன்படுத்த வேதம் இடம் கொடுக்கவில்லை.

யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் அண்ணன்மாரால் குழியில் போடப்பட்டு விற்கப்பட்டான். எகிப்து ராஜா பார்வோனுக்கு முன் நிற்கும்போது வயது 30. நடுவில் சிறையில் இருந்தபோது, பானபாத்திரக்காரனிடம் "என்னை இங்கிருந்து விடுவிக்கச் சொல்லு" என்று கேட்டான். சிறை தேவ சித்தம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கடைசியில் அண்ணன்மாரிடம் சொன்னதையும் கவனியுங்கள்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்." தீமையைத் தீமை என்றே சொன்னான். தேவன் முடித்த விதம்தான் நன்மை.

ஆகவே அநியாயம் நடக்கும் இடத்தில் இடது பக்கத்தில் எழுத வேண்டிய வரிகள்: நம்பகமான ஒருவரிடம் சொல்வது, பாதுகாப்பான வீட்டுக்குப் போவது, பெண்கள் உதவி எண் 181, ஆபத்தில் 112. பழிவாங்குவது மட்டும் வலது பக்கத்துக்குப் போகட்டும்.

ராத்திரி

கவலை ராத்திரி இரண்டு மணிக்குப் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள், யாருக்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள், வியாதியின் பெயரைக் கூகுளில் தேடாதீர்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள்.

விழிப்பு வந்தால் சங்கீதம் 3:5ஐ மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன்", மெதுவாக விடும்போது "கர்த்தர் என்னைத் தாங்குகிறார்." பத்து தடவை போதும். மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடின தாவீது பாடினது இது. படுக்க இடமே நிச்சயமில்லாதவன் தூங்கியிருக்கிறான். இருபது நிமிஷமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வெளிச்சம் குறைவாக வைத்து உட்கார்ந்து, மனதில் ஓடுவதை நோட்டின் வலது பக்கத்தில் இறக்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவன் அவனுக்கு உடனே உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டார். விழித்துப் பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி தூங்கினான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சந்தோஷம் எங்கிருந்து வரும்

ஆறுதல் ஓரளவு சீக்கிரம் வந்துவிடும். சந்தோஷத்துக்கு நாளாகும், அதை முகத்தில் வரவழைக்க முயல வேண்டாம்.

ஆபகூக் 3:17இல் ஆறு இழப்புகளின் பட்டியல் இருக்கிறது: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு. ஒவ்வொன்றாக இல்லாமல் போனாலும் என்று அடுக்கிவிட்டு, 18ஆம் வசனத்தில் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறான். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம் வசதி, உங்கள் ஆறு வரிகளை எழுதுங்கள். "ஜூன் மாதத்துக்குள் வேலை கிடைக்காமற்போனாலும், வீட்டை விற்க வேண்டி வந்தாலும், ரிப்போர்ட் நாம் நினைத்தபடி வராமற்போனாலும்" என்று உண்மையிலேயே பயப்படுவதையே எழுத வேண்டும். ஏழாவது வரி ஆபகூக்கின் வரி. பயத்துக்குப் பெயர் வைத்து, அதற்கு அந்தப் பக்கமும் ஆண்டவர் இருப்பார் என்று பார்த்துவிட்டவருக்கு உள்ளே ஏதோ ஒன்று இளகும். சந்தோஷத்தின் முதல் துளி அநேகமாக அங்கேதான். எழுதி முடித்ததும் ஒரு கீர்த்தனை பாடுங்கள். குரல் சரியில்லாவிட்டாலும் சத்தமாகப் பாடுங்கள், வீட்டில் இருப்பவர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

தினமும் ராத்திரி ஐந்து நிமிஷத்தில் மூன்று நன்றிகள். "சுகம், பெலன், ஜீவன்" என்று மொத்தமாகச் சொன்னால் நாக்கு மட்டும்தான் அசையும். "டேங்கர் தண்ணீர் இன்றைக்கு ஏழு மணிக்கே வந்தது", "பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலே குழம்பு கொடுத்தனுப்பினார்கள்" என்று அந்த நாளின் தேதியோடு எழுதுங்கள். விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுக்கொடுக்க 1563இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஐடெல்பர்க் வினாவிடையில் 28ஆம் கேள்வி, தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்று அறிவதால் என்ன பயன் என்பது. துன்பத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வரப்போகிற நாளைக் குறித்து நல்ல நம்பிக்கை என்று பதில். நோட்டில் நீங்கள் செய்வது இந்த மூன்றும்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஒவ்வொரு சம்பவத்துக்கும் காரணம் கண்டுபிடிப்பது. "பஸ் தப்பியது ஏன் தெரியுமா" என்று ஆரம்பித்தால் நிற்காது. மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள் என்று உபாகமம் 29:29 சொல்கிறது. யோபுவுக்கு 38ஆம் அதிகாரம் தொடங்கி தேவன் பேசினபோது பாடுகளின் காரணத்தைச் சொல்லவே இல்லை, கேள்விகளாகக் கேட்டார். யோபு அதிலேயே அமைதியானான்.

துக்க வீட்டுக்குப் போகும்போதும் இது பொருந்தும். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28 சத்தியம்தான், ஆனாலும் முதல் வாரம் அதைச் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகவே செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். இட்லி கொண்டுபோங்கள், தண்ணீர் கேன் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவாருங்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும் வசனம்.

இனி அந்த ஃபிரிட்ஜ் அட்டை. நம்மேல் கர்த்தர் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 அதில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அட்டையை அப்படியே விட்டுவிட்டு முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்த எழுபது வருஷமும் பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருக்கச் சொல்லவில்லை; வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், வந்து சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் அந்த ஏழாம் வசனம், பிழைக்க இந்த ஊருக்கு வந்தவர்களுக்கு நேரே வந்து படும். நேர்முகத்துக்கு மெட்ரோவில் போகும்போது செய்து பாருங்கள். பையப்பனஹள்ளியில் ஏறினால் எம்.ஜி. ரோடு ஐந்தாவது நிறுத்தம். சுவாமி விவேகானந்தா ரோடு, இந்திராநகர், அல்சூர், டிரினிட்டி என்று கதவு திறக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஏறுகிறவர்களில் ஒருவரைப் பார்த்து அவருக்காக ஒரு வரி ஜெபம். உங்களுக்கான ஜெபத்தை ஐந்தாவது நிறுத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.